ஒரு டி-சர்ட்டில் 37 ரூபாய்

2025 ஆகஸ்ட் 27, இந்திய நேரம் காலை 9 மணி 31 நிமிடம். அதற்குமுன் கப்பலேறிய இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 25%, அதற்குப் பின் ஏறியதற்கு 50%. முன்பே ஏறிய சரக்கும் செப்டம்பர் 17-க்குள் அமெரிக்கச் சுங்கத்தில் நுழைந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. திருப்பூரில் பலர் அதைப் படித்ததும் சிரித்துவிட்டார்கள். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல் பக்கம் போக முடியாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்ச்சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சலுகைக்குக் கொடுத்த இடைவெளி 21 நாள். ஆகஸ்ட் முதல் வாரமே கிளம்பியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது காகிதத்தில் மட்டும் இருந்த சலுகை.

விமானத்தில் அனுப்பலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். அட்டைப்பெட்டியும் சேர்த்து ஒரு ஆண்கள் டி-சர்ட் கால் கிலோ. விமானக் கட்டணம் கிலோவுக்கு 3 டாலர் என்று வைத்தாலே பீஸுக்கு 75 சென்ட் ஆகிறது. 2 டாலர் 40 சென்ட் விலையுள்ள சட்டைக்கு அந்தக் கூடுதல் 25% வரி 60 சென்ட்தான். தப்பிக்கிற செலவு வரியைவிட அதிகம்.

அந்த இரண்டாவது 25% எதற்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்குகிறது என்பதற்காக. எண்ணெய் வாங்கியவை ஜாம்நகர் மாதிரி இடங்களில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகள். ஆனால் பெட்ரோலியப் பொருள்கள் விலக்குப் பட்டியலில் இருந்தன. மருந்தும் செல்போனும்கூட இருந்தன. பனியன் இல்லை. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நடந்த இழுபறியில், ஒரு லிட்டர் ரஷ்ய எண்ணெயைக்கூட கண்ணால் பார்க்காத திருப்பூர் அனுப்பர்பாளையத்துத் தையல் மிஷின்கள் நின்றன.

அதற்கு நான்கு மாதம் முன்பு நிலைமை தலைகீழாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா அறிவித்த வரிப் பட்டியலில் இந்தியாவுக்கு 26%, வங்கதேசத்துக்கு 37%, இலங்கைக்கு 44%, வியட்நாமுக்கு 46%, கம்போடியாவுக்கு 49%. சீனாவின் மீதான வரி அந்த மாதமே 145% வரை ஏறியது. எல்லாருக்கும் அடி, நமக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியானால் ஆர்டர் நம் பக்கம் சாயும் என்று திருப்பூர் கணக்குப் போட்டது. அதில் தப்பில்லை. சிலர் அதை நம்பிக் கூடுதலாக மிஷின் போட்டார்கள், அதுதான் அவசரம். ஆகஸ்டில் வங்கதேசம், இலங்கை, வியட்நாம் 20 சதவீதத்தில் நின்றன. பாகிஸ்தான், கம்போடியா, இந்தோனேசியா 19-இல். இந்தியா 50-இல்.

ஏப்ரல் பட்டியலின் எண்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் சிறிய நாடுகளின் கதி புரியும். ஒரு நாட்டோடு அமெரிக்காவுக்கு உள்ள பொருள் வர்த்தகப் பற்றாக்குறையை அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, அதில் பாதியை எடுத்தார்கள். அவ்வளவுதான் சூத்திரம். துணி தைத்து விற்று, பதிலுக்கு விமானமோ சோயாவோ வாங்கப் பணமில்லாத நாட்டுக்கு இந்தக் கணக்கில் தானாகவே அதிக வரி விழும். ஜீன்ஸ் தைத்து அனுப்பும் லெசோத்தோவுக்கு 50% விழுந்தது இப்படித்தான். ஆகஸ்டில் அது 15% ஆனது. ஆனால் நடுவிலிருந்த நான்கு மாதம் எந்தப் பையர் (ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனத்தார்) அங்கே தயங்காமல் புது ஆர்டர் வைப்பார்? ஜூலையில் அந்த நாடு வேலையின்மையைக் காரணம் காட்டிப் பேரிடர் நிலை அறிவித்தது. வரி அமலாவதற்கு முன்பே அறிவிப்பு தன் வேலையைச் செய்துவிடும்.

திருப்பூர் ஒரு நாடல்ல. ஆனால் 2024-25-இல் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி நின்ற ஊர். அதில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் அமெரிக்காவுக்கு. ஒரே தொழில், ஒரே பெரிய வாடிக்கையாளர் என்று பார்த்தால் சின்ன நாட்டுக்கு உரிய எல்லா பலவீனமும் உண்டு. நாட்டுக்கு இருக்கும் நாணயமோ பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியோ மட்டும் இல்லை.

சரி, அந்த 37 ரூபாய்க்கு வருவோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சாதாரண ஆண்கள் ரவுண்டு நெக் டி-சர்ட். கோம்டு (சீவிச் சீராக்கிய) பருத்தி நூல், சிங்கிள் ஜெர்சி எனும் ஒற்றைப் பின்னல் துணி, சதுர மீட்டருக்கு 180 கிராம். ஒரு பீஸுக்கு 220 கிராம் துணி. நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (பிறகு சுருங்காமல் துணியை அமுக்குவது), இடையில் போகும் சேதம் எல்லாம் சேர்த்து துணி கிலோ 385 ரூபாய் என்று வைத்தால் பீஸுக்கு 85. கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் 48. பிரிண்ட் 14. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 16. ஆக 163. ரிஜெக்‌ஷனுக்கு 3% சேர்த்தால் 168. துறைமுகச் செலவு 5, ஆபீஸும் வங்கி வட்டியும் 12. மொத்தம் 185. ஏஜென்சி கமிஷன் 5%. விற்கும் விலை 2 டாலர் 40 சென்ட், அதாவது டாலர் 87 ரூபாய்க் கணக்கில் 209 ரூபாய். கமிஷன் போக மிஞ்சுவது 13 ரூபாய் சொச்சம். ஆடையில் ஏறியிருக்கும் மத்திய, மாநில வரிகளுக்கு ஈடாக அரசு திருப்பித் தரும் ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். அதிகபட்சம் 6.05% வரை தனி. ஆனால் அதையும் பையரின் ஆள் எப்போதோ தன் கணக்கில் சேர்த்து விலையைக் குறைத்துவிட்டார், அதை லாபம் என்று நினைப்பவர் புதுசாகத் தொழிலுக்கு வந்தவர். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விகிதம் அதிகம் மாறாது.

இந்தப் பருத்தி டி-சர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான வரியே 16.5%. பாலியஸ்டர் என்றால் 32%. இது சண்டைக்கு முன்பிருந்தே உள்ளது, 2025-இல் புது வரி இதன்மேல் ஏறியது. அமெரிக்கச் சுங்கம் கப்பல் கூலி சேர்க்காமல் எஃப்.ஓ.பி., அதாவது கப்பலில் ஏற்றும்வரையான விலைக்குத்தான் வரி போடும். அப்படியானால் திருப்பூர் டி-சர்ட்டுக்கு 66.5%: வரியோடு 4 டாலர். அதே 2.40-க்கு வங்கதேசத்தில் தைத்தால் 36.5%: 3 டாலர் 28 சென்ட். இந்த இடத்தில் நிறையப் பேர் தவறாக யோசிக்கிறார்கள். 50% என்ற எண்ணைப் பார்த்து விலையைப் பாதியாக்க வேண்டுமோ என்று பதறுகிறார்கள், அல்லது பையர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். போட்டியாளனோடு சமமாக நிற்க எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது மட்டுமே கேள்வி. 3.28-ஐ 1.665-ஆல் வகுத்தால் 1 டாலர் 97 சென்ட். 43 சென்ட் குறைக்க வேண்டும். ரூபாயில் 37. கையில் இருப்பது 13.

வரி 25 சதவீதத்தோடு நின்றிருந்தால்? 8 அரை சென்ட், ஏழு ரூபாய் சொச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சீசனை ஓட்டியிருக்கலாம். ஆகஸ்ட் 7-ஆம் தேதிக்கும் 27-ஆம் தேதிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இப்போது இந்த 37 ரூபாயை எங்கே குறைப்பது? நூல் விலை மில் சொல்வது. உள்நாட்டுச் சந்தையே அதை வாங்கும், உங்களுக்காக இறங்காது. டையிங்கில் கழிவுநீரைச் சுத்தமாகச் சுத்திகரித்து ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் உப்பையும் மீட்க வேண்டும்; 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாய ஆலைகள் மூடப்பட்ட பிறகு இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கழிவுநீரை ஆவியாக்கும் இயந்திரம் ஓடும் செலவு ஆர்டர் குறைந்தால் கிலோவுக்கு ஏறத்தான் செய்யும். லேபிளும் ஹேங்கரும் பையர் கைகாட்டிய சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். பிரிண்டில் ஒன்றிரண்டு ரூபாய். மிஞ்சுவது தையல் ஜாப் ஒர்க், அதாவது வெளியே சின்ன யூனிட்டுகளில் கூலிக்குத் தைக்கும் வேலை. அங்கேதான் முதல் போன் போகும்: “ண்ணா, அந்த ஸ்டைலை நாப்பத்திரண்டுக்கு முடிச்சுக் குடுங்க, அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாங்க.”

48-லிருந்து வெட்டிய அந்த 6 ரூபாயைவிட மோசமானது நாள்கணக்கு. இது வெளியில் தெரியாத பாதிப்பு. ஒரு அமெரிக்க ஆர்டர் உறுதியாகி, நூல் வாங்கி, துணியாகி, தைத்து, கப்பலேறி, போய்ச்சேர்ந்து, 60 நாள் கெடுவில் பணம் வர ஆறேழு மாதம். நூலுக்குப் பணம் முதல் மாதமே போய்விடும். பையர் 60 நாளை 90 ஆக்கினால், ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க்காரரின் 45 நாளை 90 ஆக்குவார். ஜாப் ஒர்க்காரரால் சனிக்கிழமைச் சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது. ஒடிசா, பீகார் பையன்கள் இரண்டு சனிக்கிழமை பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் ரயில் ஏறிவிடுவார்கள். ஒன்றரை ஷிப்டு ஓடிய லைன் ஒரு ஷிப்டுக்கு வந்தாலே ஓவர்டைமை நம்பி வந்தவருக்கு ஊர்ப் பயணம் லாபமாகத் தெரியும்.

சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள் கெடுவைத் தாண்டி, நிதியாண்டு முடியும்வரையும் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு சொன்னது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். ஆனால் அது உத்யம் எனும் சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு வைத்திருப்பவருக்கு. பதிவு இருந்தாலும் அதை நீட்டிக் காட்டினால் அடுத்த ஆர்டர் பக்கத்துச் சந்துக்குப் போய்விடும் என்று தெரிந்தவர் எத்தனை பேர் காட்டுவார்?

தள்ளுபடியை எந்தக் காகிதத்தில் கொடுப்பது என்பது இந்தப் பருவத்தில் மிகப்பெரிய பாடம். பல பழைய கம்பெனிகளே இதில் கோட்டைவிட்டன. பையர் “பீஸுக்கு 24 சென்ட் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்கிறார். ஏற்றுமதியாளர் சரி என்று சொல்லி, சரக்கு போய்ச்சேர்ந்த பிறகு 24 சென்டுக்கு கிரெடிட் நோட், அதாவது அவ்வளவைக் கழித்துக்கொள்ளலாம் என்ற சீட்டு போடுகிறார். அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி இறக்குமதிக்குப் பிறகு கொடுக்கும் தள்ளுபடி வரி மதிப்பைக் குறைக்காது. வரி பழைய 2.40-க்கே கட்டியாகிவிட்டது. அதையே கப்பலேற்றும் முன் இன்வாய்ஸ் விலையில் குறைத்திருந்தால், குறைத்த ஒவ்வொரு சென்டோடும் அதற்கான 66.5% வரியும் குறைந்திருக்கும். பையருக்கு அதே 24 சென்ட் லாபம் கிடைக்க நீங்கள் 14 அரை சென்ட் விட்டால் போதும். 50,000 பீஸ் ஆர்டரில் இந்த வித்தியாசம் நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரே நிபந்தனை, அது உண்மையான விலையாக இருக்க வேண்டும். இன்வாய்ஸில் குறைத்துக் காட்டி மீதியை வேறு பெயரில் வாங்கினால் அது கள்ளக் கணக்கு, பிடிபட்டால் பையரோடு சேர்ந்து நீங்களும் போவீர்கள்.

இந்தியப் பக்கமும் ஒரு கண் வேண்டும். கிரெடிட் நோட் போட்டால் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் ஆவணம்) மதிப்பும் வங்கிக்கு வந்த பணமும் பொருந்தாது. அப்போதைய விதிப்படி 25% வரை விலைக் குறைப்பை வங்கியே அனுமதிக்கலாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தப் பில் வருஷக்கணக்கில் வங்கிக் கணினியில் நிலுவையாகத் தொங்கும். குறைந்த தொகைக்கு வாங்கிய டிராபேக் (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் சுங்க வரி), ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். விகிதப்படி திருப்பிக் கட்டவும் வேண்டும்.

டி.டி.பி. முறையில், அதாவது வரியையும் கட்டி வாசலில் இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டு சின்ன அமெரிக்க பிராண்டுகளுக்கு அனுப்பியவர்கள்தான் நேரடியாக அடிபட்டவர்கள். அங்கே இறக்குமதியாளர் என்று பெயர் இருப்பது அவர்களுக்கே. வரி மட்டுமல்ல, சுங்கத்துக்குக் கொடுக்கும் பிணையப் பத்திரமும் பெரிதாகிறது. ஆண்டு வரியில் 10%, குறைந்தது 50,000 டாலர் என்பது விதி. வரி நான்கு மடங்கானால் பிணையமும் ஏறும், பத்திரம் போதவில்லை என்று நோட்டீஸ் வந்தால் சரக்கு துறைமுகத்தில் நின்று வாடகை தின்னும். இந்த முறையை எஃப்.ஓ.பி.க்கு மாற்றாமல் அடுத்த ஆர்டரை எடுப்பது சூதாட்டம்.

அமெரிக்கப் பருத்தி வாங்கினால் வரி குறையும் என்று ஒரு பேச்சு ஊரில் வேகமாகப் பரவியது. அதில் உண்மை உண்டு. பொருளின் மதிப்பில் குறைந்தது 20% அமெரிக்கச் சரக்காக இருந்தால், ஏப்ரல் 2 ஆணையின் வரி மீதிப் பங்குக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள். நம் டி-சர்ட்டுக்கு ஏறக்குறைய 300 கிராம் பஞ்சு தேவை. பவுண்டு 70 சென்ட் என்றால் 46 சென்ட்; விலையில் 19%. வாசற்படி வரை வந்து நிற்கிறது! பிரிண்ட் இல்லாத, கனமான, மலிவான சட்டை என்றால் தாண்டலாம். தையல் வேலை அதிகமுள்ள சட்டை தாண்டாது. தாண்டினாலும் மிச்சம் பீஸுக்கு 11 சென்ட் வாக்கில்தான். அதற்குப் பேல் (பஞ்சு மூட்டை) எண்ணிலிருந்து மில் சான்றிதழ் வரை வேறு பஞ்சு கலக்காமல் தனியாக ஓட்டிய ஆவணம் வேண்டும். இந்திய அரசு ஆகஸ்ட் 19 முதல் ஆண்டு முடிவு வரை பருத்தி இறக்குமதியின் 11% வரியை நீக்கியது, நூல் விலைக்கு அது உதவியது. விவசாயிக்கு உதவவில்லை, அது வேறு கட்டுரை.

வேறு நாட்டு லேபிள் ஒட்டி அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர்களும் இருந்தார்கள். மாற்றுவழிச் சரக்கு என்று கண்டுபிடித்தால் அப்போது 40% வரி, அபராதம் தனி என்று இருந்தது. சட்டப்படியான வழி ஒன்று உண்டு: அமெரிக்க விதியில் இத்தகைய ஆடைக்குத் தாய்நாடு, முழுவதும் தைத்து இணைத்த நாடு. திருப்பூர்த் துணியை இலங்கையில் தைத்தால் அது இலங்கைச் சட்டை. துணி விற்றுப் பிழைக்கலாம். ஆனால் திருப்பூரில் ஆள்கணக்கில் வேலை இருப்பது தையலில், துணியில் அல்ல.

ஐரோப்பாவுக்குத் திரும்பலாம் என்பதைச் சொல்வது சுலபம். பிரிட்டனோடு 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அங்கே 12% வாக்கிலான ஆடை வரியை நீக்குவது அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் அமெரிக்க ஆர்டர் என்பது ஒரே ஸ்டைல், நாலு கலர், கலருக்குப் பத்தாயிரம் பீஸ். ஐரோப்பியர் கலருக்கு 600 கேட்பார். 600 பீஸ் என்றால் 132 கிலோ துணி. 500 கிலோ சாய மிஷினில் 132 கிலோவை ஓட்டினால் தண்ணீரும் சாயமும் வேலை நேரமும் வீண். 150 கிலோ மிஷின் வைத்திருப்பவர் கிலோவுக்குக் கூடக் கேட்பார். தையல் லைனில் ஒவ்வொரு ஸ்டைல் மாற்றத்துக்கும் டெய்லர் கை பழக ஒரு நாள், ஒன்றரை நாள் போகும். நாற்பதாயிரம் பீஸ் ஆர்டரில் அது தெரியாது, ரெண்டாயிரத்தில் லாபம் முழுக்க அதிலேயே போய்விடும்.

ஆர்டர் பாதியில் நின்றால் துணியை என்ன செய்வது? மிஞ்சிய ஏற்றுமதி ஆடைகளை விற்கும் திருப்பூர்ச் சந்தை, காதர்பேட்டை இருக்கிறதே என்பார்கள். அங்கேயும் எல்லாம் விற்காது. நெய்த லேபிள் என்றால் கத்தரித்து எறியலாம். இப்போது பாதிப் பையர்கள் கழுத்தில் லேபிளுக்குப் பதில் நேரடியாக அச்சு வைக்கிறார்கள். அதை எடுக்க முடியாது, பிராண்ட் பெயரோடு விற்கவும் ஒப்பந்தம் விடாது. கார்ட்டூன் பாத்திரம் போட்ட குழந்தை உடைகள் அதைவிட மோசம். லைசன்ஸ்காரர் அனுமதியில்லாமல் அறுத்துத் துண்டாக்கத்தான் வேண்டும். அதனால் இழுபறி வந்ததும் பிரிண்டிங்கையும் கழுத்து அச்சையும் நிறுத்தி வைத்தவர்கள் புத்திசாலிகள். சாயம் போட்ட வெறும் துணி யாருக்காவது உதவும். சாயம் போடாத துணி இன்னும் மேல்.

அரசு நிவாரணம் நவம்பரில் வந்தது. 20,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதியாளர் கடனுக்கு உத்தரவாதம். ரிசர்வ் வங்கி ஏற்றுமதிப் பணம் வந்துசேரும் கெடுவை 9 மாதத்திலிருந்து 15 ஆக்கியது. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை விழும் தவணைகளைத் தள்ளிவைக்க வழிசெய்தது. ஏற்றுமதிக் கடன் காலத்தை 450 நாள் வரை நீட்டியது. மூச்சுவிட இடம் கொடுத்தது உண்மை. தள்ளிவைத்த வட்டியும் சேர்ந்துகொண்டேதான் வந்தது. 2024 டிசம்பரோடு நின்றுபோன வட்டிச் சலுகையை அந்த நேரத்தில் மறுபடி கொடுத்திருந்தால் இதைவிட உதவியிருக்கும். ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பலருக்கு ஏற்றுமதிக் கடனே கிடையாது. அவர்கள் வாங்கியது நகைக் கடன்.

2026 பிப்ரவரி முதல் வாரம் ரஷ்ய எண்ணெய்க்கான 25% நீங்கியது. பிப்ரவரி 20 அன்று, அவசர அதிகாரச் சட்டத்தை வைத்து இப்படி வரி போட அதிபருக்கு அதிகாரமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டிய வரி திரும்புமா என்று திருப்பூரிலும் கேட்டார்கள். திரும்பினாலும் அது போவது இறக்குமதியாளர் என்று சுங்கத்தில் பெயர் உள்ளவருக்கு. டி.டி.பி.யில் அடிவாங்கியவர் கையில் அந்தப் பெயர் இருக்கிறது. “வரிப் பங்கு” என்று தலைப்பிட்டு கிரெடிட் நோட் போட்டவர், வரி திரும்பினால் இதுவும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கேட்க ஒரு பிடி இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாக இன்வாய்ஸிலேயே விலையைக் குறைத்தவருக்கு அது வெறும் விலை, கேட்க எதுவும் இல்லை.

நாற்பத்தெட்டை நாற்பத்திரண்டாக்கியது எந்தக் காகிதத்திலும் இல்லை, அது போனில் சொன்னது.